பங்குனிக் கடைசிச் செவ்வாய்

மூங்கிலோடு மூங்கில் உரசித்தான் காட்டுத் தீ பிடிக்கிறது என்று நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். தயவுசெய்து அதை இன்றே, இந்த மினி பஸ் முதல் வளைவு திரும்புவதற்குள் மறந்துவிடுங்கள். இது விளையாட்டுப் பேச்சில்லை. இந்த ஒரு பொய்யை நம்பி எத்தனையோ தலைமுறை வீணாகிவிட்டது. முப்பத்தாறு வருடம் கூவல்மேட்டில் கிளைத் தபால் நிலையத்தை நடத்தியவன் நான். இத்தனை வருடத்தில் மூங்கில் உரசி ஒரு பீடி பற்றியதைக்கூடக் கண்டதில்லை. அதைவிட முக்கியமான செய்தி, எங்கள் மலையில் மூங்கிலே கிடையாது. ஒரு குத்துக்கூடக் கிடையாது. ஆனாலும் வருடா வருடம் பங்குனியில் தீப் பிடிக்கும். ஃபாரஸ்டர் ஏறி வந்து, "எப்படிப்பா பிடிச்சது?" என்பார். ஊரே ஒரே குரலில், "மூங்கில் உரசிருச்சு சார்" என்று சொல்லும்.

நீங்கள் ஜன்னல் பக்கம் போய்க்கொள்ளுங்கள். எனக்கு வளைவில் பள்ளத்தைப் பார்த்தால் ஆகாது. உங்கள் பையில் குறிஞ்சிக்கரை அறக்கட்டளை என்று போட்டிருக்கிறது. எங்கள் ஊரில் அவர்கள் செய்த வேலையைப் பற்றி அறிக்கை எழுத வருகிறீர்கள், அப்படித்தானே? நல்ல வேளை, என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். ஊருக்குள் போனால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நடந்ததை வரிசை தப்பாமல் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். பெயர் தவசியப்பன். தீக்காப்புக் குழுவின் செயலாளர். குழு கூடிய பதினொரு கூட்டத்துக்கும் குறிப்பு என் கையெழுத்தில்தான் இருக்கிறது. நான் பேசுவதே குறிப்பு வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்று என் மனைவி சிவனம்மாள் சொல்லுவாள். சொல்லட்டும்.

தீ உண்மையில் எப்படிப் பிடிக்கிறது என்பதைச் சொல்கிறேன். அறிக்கையில் போடுவதாக இருந்தால் பெயர் எதுவும் இல்லாமல் போடுங்கள். எங்கள் ஊரில் 'புகை போடுவது' என்று ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குக் கீழே சரிவில் ஒரு பாறை இருக்கிறது. புகைப்பாறை என்போம். பங்குனிக் கடைசிச் செவ்வாய் மதியம் ஒரே ஒரு ஆள் அங்கே இறங்கிப் போய், ஒரு கைப்பிடிப் புல்லில் கற்பூரம் வைத்துக் கொளுத்துவார். புகை ஊரைத் தாண்டி மலை உச்சிக்கு ஏறும், மேகமாகும், மழை பெய்யும். இதுதான் நம்பிக்கை. அன்று மதியம் எல்லாரும் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். யார் போகிறார் என்று பார்க்கக் கூடாது. பிறகு யாரும் கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. சொன்னால் வந்த மழை திரும்பிப் போய்விடுமாம். அதனால்தான் ஃபாரஸ்டருக்கு மூங்கில் தேவைப்பட்டது.

என்னை ஒரு மாதிரி பார்க்கிறீர்கள். நான் இதை நம்புகிறேனா என்றுதானே? சுத்தமாக நம்பவில்லை. மேகம் எப்படி உண்டாகிறது என்று படித்தவன் நான். வீட்டுக் கூரையில் மழைமானி வைத்திருக்கிறேன். ஆனால் நம்பிக்கை வேறு, முறை வேறு. கடிதத்தில் எழுதியிருப்பது பொய்யாகவே இருக்கலாம், அதற்காக முத்திரையில் தேதியைத் தப்பாகக் குத்தலாமா? ஒரு காரியத்துக்குப் பங்குனிக் கடைசிச் செவ்வாய் என்று இருந்தால் அது பங்குனிக் கடைசிச் செவ்வாய்தான். என் சச்சரவெல்லாம் இந்த ஒரு இடத்தில்தான் ஆரம்பித்தது.

அதற்கு முன்னால் வேலுத்தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழத் தெருவில் கடைசி வீடு அவளுடையது. அதற்கு அடுத்தது என் வீடு. சரிவில் தீ ஏறி வந்தால் முதலில் எங்கள் இரண்டு பேரைத்தான் விசாரிக்கும். அவளுக்குப் பிழைப்பு ஆடு. இரண்டு வருடத்துக்கு முன்னால் பங்குனித் தீ திசை மாறி மேலே வந்தபோது அவள் பட்டியில் ஆறு ஆடுகள் கட்டிய கயிற்றோடு கருகிப்போயின. அவள் அன்று அழவில்லை. ஆறு கயிறும் எங்கே வாங்கியது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல மெல்லச் சேர்த்து இப்போது இருபத்திரண்டு ஆடு. அவளிடம் வேறு ஒன்றும் இல்லை. நிலம் இல்லை. வீட்டுக்காரர் திருப்பூரில் இருக்கிறார் என்கிறார்கள். அவள் அப்படிச் சொல்வதில்லை.

போன கார்த்திகையில் அறக்கட்டளைக்காரர்கள் வந்தார்கள். வந்தவர்களில் பெரியவள் மெர்லின் என்று நாகர்கோவில் பக்கத்துப் பெண். பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம் போட்டார்கள். யார் தீ வைக்கிறது என்று கேட்கப்போகிறாள், நாம் மூங்கிலைச் சொல்லப்போகிறோம் என்று எல்லாரும் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். அவள் எழுந்து நின்று, "இந்த வருஷம் எப்போ வைக்கப்போறீங்க? தேதி சொன்னா நாங்களும் கூட வாறோம்" என்றாள்.

ஊரே தலையைக் குனிந்துகொண்டது. வேலுத்தாய் மட்டும் சிரித்துவிட்டாள். "இந்தப் பிள்ள வெவரமா வந்திருக்குடி" என்று பக்கத்தில் இருந்தவளை இடித்தாள்.

மெர்லின் சொன்னது இதுதான். புல் இருக்கும்வரை தீ வரும். அது வருவதற்கு முன்னால், பனி ஈரம் இருக்கிற மாசிக் காலையில், ஆள் சூழ நின்று நாமே கொஞ்சம் எரித்துவிட்டால், பங்குனியில் வருகிற தீக்குத் தின்ன ஒன்றும் இருக்காது. ஆனால் எரிப்பதற்கு முன்னால் அந்தப் புல்லுக்கும் ஊருக்கும் நடுவே இருபதடி அகலத்துக்குச் செதுக்கி மண்ணைக் காட்ட வேண்டும். தீத்தடுப்புக் கோடு. கோடு இல்லாத இடத்தில் எரிக்கவும் முடியாது. தீ வந்தால் தடுக்கவும் முடியாது.

தை மாதம் முழுக்க வீட்டுக்கு ஒரு ஆள். ஓடையிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் செதுக்கினோம். நானும் போனேன். மேற்பார்வைக்கு. நடக்க முடியாதவர்களை யார் தூக்குவது என்று பட்டியல் போட்டோம். என் மனைவிக்கு முழங்கால் மடங்காது. அவளைத் தூக்க வேலுத்தாயும் இன்னொரு பெண்ணும். ஒத்திகையில் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கியபோது, "அடியே, மெதுவா! என்னய என்ன சப்பரத்துலயா ஏத்துறீங்க?" என்று ஒரே கூச்சல். "சாமின்னா பேசாம வரும் மதினி, நீங்களும் பேசாம வாங்க" என்றாள் வேலுத்தாய்.

ஆடுகளுக்கும் ஒத்திகை உண்டு. பட்டியில் பழைய முடிச்சையெல்லாம் அவிழ்த்துவிட்டு, ஒரு இழுப்பு இழுத்தால் அவிழ்கிற முடிச்சாகப் போட்டுக் கொடுத்தார்கள். மூன்று முறை விசில் அடித்தால் மைதானத்தில் கடலைப் பொட்டு இருக்கும் என்று பழக்கினாள் வேலுத்தாய். நான்கு நாளில் விசில் சத்தம் கேட்டதும் இருபத்திரண்டும் மைதானத்தில் நின்றன. மனிதர்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. கடலைப் பொட்டு கொடுக்காததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்தது வீட்டுச் சோதனை. வீட்டைச் சுற்றி முப்பதடிக்குச் சருகு, விறகு, வைக்கோல் எதுவும் இருக்கக் கூடாது. செயலாளர் என்ற முறையில் நான் வீடு வீடாகப் போய்ப் பத்துக்கு மதிப்பெண் போட்டேன். யாருக்கும் சலுகை காட்டவில்லை. பட்டியலைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினேன். வேலுத்தாய்க்கு நான்கு.

"என்ன தபாலண்ணே, எனக்கு நாலுதானா?" என்று வந்துவிட்டாள்.

"விறகு பட்டியை ஒட்டி இருக்கிறது. விதிப்படி முப்பதடி தள்ளி இருக்க வேண்டும்."

"ஒங்க வீட்டுக்குப் பின்னால இடுப்பளவு நிக்கிதே, அது என்னவாம்?"

"அது எலுமிச்சைப் புல். பயிர். காய்ந்த புல் என்ற வகையில் அது வராது."

"தீக்குப் படிக்கத் தெரியுமாண்ணே, வகை பாத்து வர?"

இந்த மாதிரி பேச்சுக்கு நான் பதில் சொல்வதில்லை. மறுநாளே விறகை அள்ளித் தள்ளிப் போட்டாள், அதையும் சொல்ல வேண்டும். பட்டியலைத் திருத்தி எட்டு போட்டுக் கொடுத்தேன்.

எலுமிச்சைப் புல் விஷயத்தைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் இதைத்தான் திரித்துச் சொல்வார்கள். ஒன்பது வருடமாக நான் வளர்த்தது. டீயில் போடுவேன், கொசு வராது. கோடு சரியாக அதன் நடுவே போக வேண்டும் என்றார்கள். நான் மூன்று பக்கத்துக்கு விளக்கம் எழுதிக் கூட்டத்தில் வாசித்தேன். மெர்லின் பொறுமையாகக் கேட்டாள். "சார், அதுல தைலம் இருக்கு. பச்சையா இருந்தாலும் பிடிக்கும்" என்றாள். ஆதாரம் கேட்டேன். அவள் கையோடு கொண்டுவந்திருந்த எலுமிச்சைப் புல் தாள் ஒன்றை எடுத்துத் தீக்குச்சி கிழித்துக் காட்டப் போனாள். இது கூட்டம், சமையல்கட்டு இல்லை என்றேன். கடைசியில், "சரி சார், ஒங்க நிலம். ஒங்க சம்மதம் இல்லாம அருவா வைக்க மாட்டோம். ஆனா யோசிங்க" என்றாள். யோசிக்கிறேன் என்று குறிப்பில் எழுதினேன். ஆக, ஓடையிலிருந்து பள்ளிக்கூடம் வரை போகிற கோட்டில் என் வீட்டுக்குப் பின்னால் மட்டும் பதினைந்தடி விட்டுப்போயிற்று. அதற்கு நேர் கீழே இருந்த சரிவையும் மாசியில் எரிக்கவில்லை. கோடு இல்லாத இடத்தில் எரிக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. என் விதி இல்லை.

இனி தேதிச் சண்டைக்கு வருகிறேன். மாசி எரிப்பையே புகை போட்டதாக வைத்துக்கொள்ளலாமா என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. நான் எழுந்தேன். பஞ்சாங்கம் கையில் இருந்தது. மாசி ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நாற்பது பேர் பார்க்கப் போடுவது புகை இல்லை, குப்பை எரிப்பது என்றேன். முறைப்படி ஒரு ஆள், மதியம், செவ்வாய், பங்குனி.

"சாமிக்குப் புகைதானே வேணும்? தேதியா கேக்குது?" என்றாள் வேலுத்தாய்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"கேட்டா தபால்ல போட்டிருக்குமில்லண்ணே, ஒங்க கைக்குத்தான மொதல்ல வந்திருக்கும்."

மைதானமே சிரித்தது. மெர்லின்கூட நோட்டால் வாயை மூடிக்கொண்டாள். கை தூக்கச் சொன்னார்கள். என் பக்கம் ஒரு கை. மாசி இரண்டாம் ஞாயிறு ஃபாரஸ்டர் முன்னிலையில் பாறையைச் சுற்றி எரித்தார்கள். ஒரு மணி நேரத்தில் முடிந்தது. பச்சைக் கொப்பால் அடித்து அணைத்தார்கள். புகை நேராக ஏறியது, பெண்கள் குலவை போட்டார்கள். அழகாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் முறை இல்லை. குறிப்பில் 'செயலாளர் உடன்படவில்லை' என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

பங்குனிக் கடைசிச் செவ்வாய் வந்தது.

ஊரில் அன்று யாரும் கதவைச் சாத்தவில்லை. மாசியிலேயே முடிந்துவிட்டது என்று அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதியம் இரண்டேகால் மணிக்கு யாரோ ஒருவர் கீழே இறங்கிப் போயிருக்கிறார். யார் என்று கேட்கக் கூடாது, சொல்லவும் கூடாது. ஆனால் ஒன்று சொல்கிறேன். அவர் பொறுப்பில்லாத ஆள் இல்லை. பாறையைச் சுற்றித்தான் புல்லே இல்லையே, எல்லாம் கரி. ஒரு கைப்பிடிப் புல்லாவது வேண்டாமா? அதனால் ஐம்பதடி மேற்கே தள்ளி, புல் இருக்கிற இடத்துக்குப் போக வேண்டியதாயிற்று. அங்கேயும் சுற்றிலும் கல் அடுக்கினார், பன்னிரண்டு கல். பக்கத்தில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டுதான் பற்றவைத்தார். காற்று அப்போது சுத்தமாக இல்லை. எனக்குத் தெரியும். அதாவது, அன்றைக்குக் காற்று இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். பிறகுதான் ஒரு வீச்சு வந்தது.

என் புருவம் கருகியிருப்பதைப் பார்க்கிறீர்கள். அது வேறு. வெந்நீர் அடுப்பு.

சரிவில் ஏறுகிற தீயோடு ஓடிப் பார்த்திருக்கிறீர்களா? ஓடாதீர்கள். இறக்கத்தில் வருகிற தீக்கு நம்மைப் போலக் கால் வலிக்கும். ஏற்றத்தில் போகிற தீ மனிதனைவிட வேகம். இதையும் மெர்லின்தான் சொல்லிக்கொடுத்தாள், கூட்டம் நான்கு, பக்கம் இரண்டு. நான் அப்போது கீழே ஒரு வேலையாக இருந்தேன். அதனால் மேலே நடந்ததை நான் பார்க்கவில்லை. என் மனைவி சொல்லித்தான் தெரியும்.

முதலில் பார்த்தவள் வேலுத்தாய். மூன்று விசில். நான் கீழேயிருந்து கேட்டேன். பட்டிக்குள் ஓடி ஒவ்வொரு கயிறாக இழுத்திருக்கிறாள். முடிச்சு ஒவ்வொன்றும் ஒரே இழுப்பில் அவிழ்ந்தது. இருபத்திரண்டும் மைதானத்துக்கு ஓடிவிட்டன. கோட்டில் நாற்பது பேர் கொப்போடு வந்து நின்றார்கள். கோடு இருந்த இடத்தில் தீ வந்து, மண்ணைப் பார்த்து, அப்படியே படுத்துவிட்டது. ஆறு நிமிடம். உங்கள் அறக்கட்டளைக்கு இதை நன்றாக எழுதுங்கள். கோடு இருந்த இடத்தில் ஒரு பொறிகூட உள்ளே வரவில்லை.

பதினைந்தடியில் வந்தது. எலுமிச்சைப் புல் அப்படி எரியும் என்று நான் எங்கேயும் படித்ததில்லை. பெட்ரோல் மாதிரி 'குப்'பென்று ஓட்டுக்கு மேலே நின்றதாம். அங்கிருந்து இடது பக்கம் வேலுத்தாயின் பட்டி. தென்னங்கீற்றுக் கூரை. வலது பக்கம் என் வீட்டுப் பின்சுவர், மர ஜன்னல், உள்ளே கட்டிலில் என் மனைவி.

பட்டி அவளுடையது. அது பற்ற ஆரம்பித்துவிட்டது. கொப்பால் நாலு அடி அடித்திருந்தால் நின்றிருக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவள் என் வீட்டுக்குள் ஓடினாள்.

"ஏடி, ஒம் பட்டி எரியுதுடி! போடி அங்க!" என்று என் மனைவி கத்தியிருக்கிறாள்.

"சும்மா உக்காருங்க மதினி. ஆடு போயிருச்சு. பட்டிய நாளைக்குக் கட்டிக்கிடலாம், ஒங்கள எங்க போயிக் கட்டுறது?"

பட்டியலில் இருந்த அந்த இன்னொரு பெண்ணும் வந்துவிட, இரண்டு பேருமாக நாற்காலியோடு தூக்கிக் கொண்டுபோய் மைதானத்தில் வைத்துவிட்டு, வேலுத்தாய் திரும்பி வந்து என் பின்சுவரில் நின்று அடித்தாள். நான்கு பெண்கள் கூட நின்றார்கள். என் வீட்டில் ஒரு ஜன்னல் சட்டம் கருகியது. வேறு சேதம் இல்லை. பட்டியில் நான்கு கல் தூண் மிச்சம்.

நான் மேலே வந்து சேர்ந்தபோது எல்லாம் அணைந்திருந்தது. பாட்டிலில் இன்னும் அரை லிட்டர் தண்ணீர் இருந்தது. வேலுத்தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் கரி. தண்ணீரை நீட்டினேன். வாங்கிக் குடித்தாள். பாட்டிலையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது அல்லவா.

ஐந்து மணிக்கு ஃபாரஸ்டர் வந்தார். மைதானத்தில் எல்லாரும் நின்றோம். "இவ்வளவு வேல செஞ்சும் எப்படிப்பா பிடிச்சது?" என்றார். வழக்கமாக இந்த இடத்தில் ஊரே பதில் சொல்லும். அன்றைக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. குனிந்து மண்ணைப் பார்த்தார்கள். மெர்லின் நோட்டை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அரசாங்க மனிதர் கேட்கிறார், ஊர் சும்மா நிற்கிறது. செயலாளர் என்ற முறையில் யாராவது பதில் சொல்லியாக வேண்டுமே.

"மூங்கில் உரசியிருக்கலாம் சார்" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

நான்காம் நாள் மழை பெய்தது. நான்கு மில்லிமீட்டர். மானியில் நானே அளந்தேன். அதைக் கூட்டத்தில் தெரிவிக்கலாம் என்று போனால், அன்றைக்குக் கூட்டம் இல்லை, எல்லாரும் கோட்டில் நிற்கிறார்கள் என்றார்கள். போய்ப் பார்த்தேன். என் வீட்டுக்குப் பின்னால் விட்டுப்போன பதினைந்தடியையும் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. நானும் அதைக் குறிப்பில் ஏற்றவில்லை.

தீ அணைந்த மறுநாள் காலையில் நடந்ததை மட்டும் சொல்லவில்லை. நான் பல் துலக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். வேலுத்தாய் ஆடுகளை ஓட்டிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"என்ன வேலுத்தாய்?" என்றேன்.

"ஒண்ணுமில்லண்ணே. கொஞ்சம் தள்ளிக்கங்க."

தள்ளிக்கொண்டேன். முன்கூடத்துக்குள் போய் ஜன்னல் கம்பிக்கு நான்கு, கதவு நிலைக்கு இரண்டு, என் புத்தக அலமாரிக் காலுக்கு மூன்று, மிச்சத்தை எட்டிய இடத்திலெல்லாம் என்று கட்டினாள். எல்லாம் அந்த இழுத்தால் அவிழ்கிற முடிச்சு. தெருவில் ஆட்கள் போனார்கள், வந்தார்கள். ஒருவரும் நின்று என்ன ஏது என்று கேட்கவில்லை. என் மனைவி கட்டிலில் இருந்தபடியே, "தண்ணித் தொட்டிய இந்தப் பக்கம் வைடி, அதுகளுக்கு எட்டாது" என்றாள். எத்தனை நாளைக்கு என்று நானும் கேட்கவில்லை. மூன்று வாரம் ஆகிறது. புதுப் பட்டிக்குக் கம்பு வெட்டியிருக்கிறார்கள், பார்த்தேன். அவசரமாகத் தெரியவில்லை.

அதோ தண்ணீர்த் தொட்டி தெரிகிறது, ஊர் வந்துவிட்டது. பையை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் எங்கள் முன்கூடத்தில் தங்குவதுதான் இத்தனை வருட வழக்கம். நேற்று அங்கே ஒரு ஆடு இரண்டு குட்டி போட்டது. உங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்திருக்கிறார்கள்.